முதலில் அந்தத் தாயின் வீட்டுக்குப் போங்கள்

திருகோணமலை, பாலையூற்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. கடந்த தவக்காலத்துக்குச் சற்று முன்னர் அவருடைய அன்பியத்தில், அதாவது பங்கின் அயலவர் கூடும் சிறு கிறிஸ்தவ சமூகத்தில், புதன்கிழமை இரவுகளில் நற்செய்திப் பகிர்வு தொடங்கியது. வீட்டுக்கு வீடு மாறிக் கூடிய 11 பேரில் இப்போது 5 பேர்தான் வருகிறார்கள். "ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விளக்கவுரை நூலோடு வந்து முக்கால் மணி நேரம் பேசுகிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள், அல்லது கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த அயல்வீட்டு அக்கா தமது பழைய வேதாகமத்தைக் கொண்டு வருகிறார். எந்த மொழிபெயர்ப்புச் சரி என்று வாக்குவாதம் எழுகிறது. மௌனமாக இருப்போம் என்றால் அரை நிமிடத்துக்குள் யாராவது பாட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். குருவானவர் இல்லாமல் நாங்கள் இதைச் செய்யலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இது வேதபாட வகுப்பா, செபக்கூட்டமா என்று எனக்கே விளங்கவில்லை." கடிதம் இப்படி முடிகிறது: "ஒரு தாய் தன் மகனின் குடிப்பழக்கத்தைப் பற்றி அழுது சொன்னார். அடுத்த கிழமை அது சந்தை வரை போய்விட்டது. அவர் இப்போது வருவதில்லை."

அன்புச் சகோதரிக்கு,

ஆசிரியரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாயைப் பற்றி எழுதியது சில வரிகள்தான். விவிலியக் குழுக்களை வழிநடத்துவோருக்குப் பயிற்சி கொடுப்பதை 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிலாகக் கொண்டிருக்கும் எனக்கு, உங்கள் குழு சுருங்கியதன் காரணம் அந்தச் சில வரிகளில்தான் இருப்பதாகப் படுகிறது. நீண்ட பேச்சு சலிப்பைத் தரும். சலித்தவர் ஒரு கிழமை வராமல் இருந்துவிட்டு மறு கிழமை வருவார். ஆனால் தான் அழுது சொன்னது மீன் வாங்கும் இடத்தில் தன் காதிலேயே விழுந்ததை அறிந்தவர் திரும்பி வருவது அரிது. அவருக்கு நேர்ந்ததைப் பார்த்த மற்றவர்களும் தங்கள் வாயை மெல்லப் பூட்டிக்கொள்வார்கள். ஆசிரியரின் பேச்சு நீண்டுகொண்டே போவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். பேச அஞ்சும் குழுவில் பேசத் தயங்காத ஒருவர் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுவார்.

ஆகவே முதலில் அந்தத் தாயின் வீட்டுக்குப் போங்கள். புதன்கிழமை அல்லாத ஒரு நாளில், விவிலியத்தைக் கையில் எடுக்காமல், தனியாகப் போங்கள். யார் வெளியே சொன்னார்கள் என்று அவரிடம் விசாரிக்க வேண்டாம். அந்த விசாரணை இன்னொரு கதையாகச் சந்தைக்குப் போகும். "அக்கா, நீங்கள் நம்பிச் சொன்னதை நாங்கள் காக்கவில்லை, அதற்காக வருந்துகிறேன்" என்று சொன்னால் போதும். திரும்பி வரும்படி அன்றைக்கே கேட்காதீர்கள். கேட்டால், நீங்கள் வந்ததே ஆள் சேர்ப்பதற்காகத்தான் என்று அவருக்குத் தோன்றும். மகனைப் பற்றி அவராகப் பேசினால் கேளுங்கள். குடிப்பழக்கம் என்பது சிகிச்சையும் ஆற்றுப்படுத்தலும் தேவைப்படும் நோய் என்பதால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம் என்று சொல்லுங்கள், அவர் விரும்பினால் துணைக்கும் போங்கள். பகிர்வுக் குழு அவருடைய பாரத்தைத் தாங்க உதவும். ஆனால் சிகிச்சையின் இடத்தை அது எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தச் செய்தி எந்த வழியாக வெளியே போயிருக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து ஊகிக்கிறேன். கெட்ட எண்ணத்தோடு யாரும் கொண்டுபோயிருக்க மாட்டார்கள். "பாவம், அவவுக்காகச் செபியுங்கோ" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லியிருப்பார். நான் பார்த்த குழுக்களில் இரகசியங்கள் பெரும்பாலும் செப விண்ணப்பம் என்ற உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வெளியேறின. எனவே "வெளியே சொல்லக் கூடாது" என்ற பொதுவான கட்டளை போதாது. இங்கே கேட்டதைச் செபத்துக்காகக்கூட வெளியில் சொல்வதில்லை, சொன்னவரிடமே அவர் மறுபடி எடுக்காதவரை நாமாகப் போய்க் கேட்பதுமில்லை என்று ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்லட்டும். சில வாரங்களுக்கு ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் இதைச் சொல்வது நல்லது.

இனி, வகுப்பா செபமா என்ற உங்கள் கேள்வி. விவிலியத்தைக் கற்பதும் விவிலியத்தோடு செபிப்பதும் இரண்டும் தேவை. ஆனால் ஒரே மணி நேரத்தில் இரண்டையும் செய்யப் போனால் கற்பது செபத்தை விழுங்கிவிடும். உங்கள் புதன்கிழமை செபத்துக்கு உரியது. திருச்சபையில் இதற்கு மிக நீண்ட மரபு இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தமது துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், கைவேலைக்குப் போலவே இறைவார்த்தை வாசிப்புக்கும் நாளில் நேரம் ஒதுக்கினார். 12ஆம் நூற்றாண்டில் கிகோ என்ற கர்த்தூசியத் துறவி அந்த வாசிப்பை வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் இளைப்பாறுதல் என்ற நான்கு படிகள் கொண்ட ஏணியாக விவரித்தார். அவர் அதை உணவுக்கு ஒப்பிடுகிறார்: வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் அதை மெல்லுகிறது, மன்றாட்டு அதன் சுவையைப் பெறுகிறது, இளைப்பாறுதலோ அந்த இனிமையே. மாடு மேய்ந்ததை மறுபடி மெல்லுவது போல வசனத்தை மெல்ல வேண்டும் என்று பழைய துறவிகள் சொன்னார்கள். நமக்கு இது புதிதல்ல. மனதில் ஒன்றைத் திரும்பத் திரும்ப எண்ணுவதை நாமும் அசைபோடுதல் என்றுதான் சொல்கிறோம்.

கிகோ எழுதியது தனியே அமர்ந்து செபிக்கும் துறவிக்கு. அதே அசைபோடுதலை அயலவர் கூடி ஒரு வீட்டு விறாந்தையில் செய்யும்படி வடிவமைத்ததுதான், தென்னாபிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து பரவிய ஏழு படி நற்செய்திப் பகிர்வு. ஆசிய ஆயர்கள் 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிச் சிறு கிறிஸ்தவ சமூகங்களை வலியுறுத்திய பின்னர், அம்முறை நம் நாடுகளின் அன்பியங்களிலும் வேரூன்றியது. ஆண்டவரை அழைத்தல், பகுதியை வாசித்தல், மனதைத் தொட்ட சொல்லையோ சிறு தொடரையோ ஒவ்வொருவரும் மும்முறை உரக்கச் சொல்லுதல், மௌனம், உள்ளத்தில் கேட்டதைப் பகிர்தல், செய்ய வேண்டியதைச் சேர்ந்து தேடுதல், செபித்து முடித்தல் என்பன அதன் படிகள். உங்கள் குழுவும் இந்தப் பெயரில்தான் தொடங்கியிருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்றாம், நான்காம் படிகள் நடைபெறுவதே இல்லை. அவற்றைத் தாண்டிப் போகும் பகிர்வு ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லும் பேச்சாகவே முடியும்.

அந்த இரண்டு படிகளும் என்ன செய்யும் என்பதை நான் நேரில் கண்ட ஓர் இரவைச் சொல்லி விளக்க விரும்புகிறேன். அதில் வரும் தாயின் அனுமதியோடு, அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் இழப்பின் விபரத்தையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். டச்சு விரிகுடாவுக்கு அருகே ஒரு வீட்டின் விறாந்தை. மார்கழி மாதம், வாடைக் காற்று. கடல் இரைவது வாசிப்பவரின் குரலோடு சேர்ந்து கேட்டது. எட்டுப் பேர் இருந்தோம். பகுதி மாற்கு 4:35-41, இயேசு புயலை அடக்கும் ஏழு வசனங்கள். ஒரு பள்ளி மாணவன் முதலில் வாசித்தான். சற்று இடைவெளி விட்டு ஒரு முதியவர் இரண்டாம் முறை வாசித்தார். பின்னர் ஒவ்வொருவராகச் சொற்கள் வந்தன. ஒருவர் "அக்கரைக்கு" என்றார். ஒருவர் "தலையணை" என்றார். மாணவன் "உமக்குக் கவலையில்லையா" என்றான். சுவரோரம் பாயில் இருந்த அறுபது வயதுத் தாய் ஒருவர், "வேறு படகுகளும்" என்று மும்முறை சொன்னார்.

அந்தப் பகுதியை அதற்கு முன்னர் எத்தனையோ தடவை பயிற்சிகளில் பயன்படுத்தியிருந்தும், 36ஆம் வசனத்தின் இறுதியில் வேறு படகுகளும் இயேசுவோடு இருந்தன என்று மாற்கு எழுதியிருப்பதை நான் நின்று கவனித்ததில்லை. மௌனம் முடிந்து பகிர்வு தொடங்கியபோது அவர் கேட்டார்: "அந்த மற்றப் படகுகளுக்கு என்ன நடந்தது எண்டு எழுதியிருக்கா?" எழுதப்படவில்லை; மாற்கு அவற்றை மறுபடி குறிப்பிடுவதில்லை. என் நாவில் ஒரு விடை ஆயத்தமாக இருந்தது: காற்று ஓய்ந்து பேரமைதி உண்டானபோது அது எல்லாப் படகுகளுக்கும்தானே உண்டானது என்று சொல்லியிருப்பேன். பிழையான விளக்கமல்ல, ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருந்தால் அவருடைய வாயை அது அடைத்திருக்கும். பகிர்வுக்கு மறுமொழி சொல்வதில்லை என்ற விதி இருந்ததால் நான் பேசாமல் இருந்தேன். யாரும் பேசவில்லை. சிறிது நேரத்துக்குப் பிறகு அவர், "எங்கட வள்ளமும் அதில ஒண்டுதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இறுதிச் செபத்தில் அந்த மாணவன், கரைக்கு வந்து சேராத வள்ளங்களுக்காகச் செபித்தான். பல வாரங்கள் கழித்து வேறொரு பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாயே, "கடல் அடங்கினா எல்லா வள்ளத்துக்கும்தானே அடங்கும்" என்று சொன்னார். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட அதே விடைதான் அது. அவர் அதை யாரிடமிருந்தும் வாங்காமல் தாமே கண்டடைந்தார் என்பதே வேறுபாடு.

உங்கள் குழுவுக்கு நான் சொல்ல விரும்புவது இதில் அடங்கியிருக்கிறது. வசனத்தைக் கேட்கும் காதும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் காதும் ஒன்றே. ஒருவர் பகிரும்போது மற்றவர்கள் விளக்கமோ, ஆறுதலோ, திருத்தமோ, "எனக்கும் இப்படித்தான்" என்ற கதையோ சொல்லக் கூடாது. பகிர்பவரும் "நாம் எல்லாரும் இப்படி இருக்க வேண்டும்" என்று சொல்லாமல், "இந்தச் சொல் என்னிடம் இப்படிப் பேசியது" என்று தன்னைப் பற்றியே சொல்ல வேண்டும். "ஆண்டவர் உங்களுக்கு இதைச் சொல்லச் சொன்னார்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே கொடுக்காதீர்கள். அது செபத்தின் பெயரால் பிறர்மேல் செலுத்தும் அதிகாரம். 2023 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் ஆயர்களும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளில் இருந்து இதே ஒழுங்கைத்தான் கைக்கொண்டார்கள்: ஒருவர்பின் ஒருவராகப் பேசினார்கள், இடையில் மௌனம் காத்தார்கள், அடுத்த சுற்றில் தம் கருத்தை விட்டுப் பிறரிடம் கேட்டதைச் சொன்னார்கள். ஆயர்களுக்கே வேண்டியிருந்த கட்டுப்பாடு நமக்கும் வேண்டும் என்று சொன்னால் உங்கள் குழுவினர் ஏற்றுக்கொள்வார்கள்.

ஆசிரியரை அடக்குவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அடக்க வேண்டாம். வாழ்நாள் முழுவதும் கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசுவதே கடமையாக இருந்த ஒருவருக்கு, பேச்சைத் தவிர வேறு விதமாகக் குழுவுக்கு உதவத் தெரியாமல் இருப்பது குற்றமல்ல. தனியே சந்தித்து, "மாஸ்டர், நீங்கள் தேடி வாசித்து வருவது எங்களுக்கு வேண்டும். வாசிப்பு முடிந்தவுடன் விளங்காத சொல், இடம், வழக்கம் ஆகியவற்றை 5 நிமிடத்தில் சொல்லித் தாருங்கள், அதன் பிறகு நீங்களும் எங்களோடு மௌனத்துக்கு வர வேண்டும்" என்று கேளுங்கள். நேரத்தைப் பார்க்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். விளக்கவுரையை முழுதாகக் கேட்க விரும்புவோருக்காக மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அவரே தனி வகுப்பு நடத்தட்டும். அதற்கும் ஆட்கள் வருவார்கள் என்றே நினைக்கிறேன். அவர் பகிரும் முறை வரும்போது, நூல் சொல்வதை விட்டு அவரைத் தொட்ட ஒரேயொரு சொல்லை மட்டும் கேளுங்கள். முதல் சில தடவைகள் அவருக்கு அது கடினமாக இருக்கும், பொறுத்திருங்கள்.

மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரை நிமிடத்தில் பாட்டுத் தொடங்குவது பக்தியின் மிகுதியால் அல்ல, கூச்சத்தால். எவ்வளவு நேரம் என்று தெரியாத மௌனம் மனிதரைத் தடுமாறச் செய்யும். ஆகவே "3 நிமிடம் இருப்போம், முடிவில் நான் மணியை அடிப்பேன்" என்று முன்னரே சொல்லிவிடுங்கள். மின்விசிறியின் ஓசையும் தெருவில் போகும் முச்சக்கரவண்டியின் ஓசையும் கேட்கத்தான் செய்யும். அவை நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசிகள் ஒரு கூடையில் கிடக்கட்டும். விவிலியத்தைத் தொலைபேசியில் வாசிப்பவர்களுக்கு அச்சுப் பிரதியை நீங்களே கொடுங்கள். பழகப் பழக 3 நிமிடத்தை 5 ஆக்கலாம். அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம்.

அயல்வீட்டு அக்காவின் பழைய வேதாகமத்தைத் தொல்லையாகக் கருதாதீர்கள். உங்கள் கையில் இருப்பது கத்தோலிக்கரும் ஏனைய திருச்சபையினரும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாக இருக்கும். அவர் கையில் இருப்பது, ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் நிறைவு செய்ததன் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பாக இருக்கும். இயேசு படகின் பிற்பகுதியில் தூங்கினார் என்று உங்களுடையது சொல்லும். "பின்னணியத்தில்" நித்திரையாயிருந்தார் என்று அவருடையது சொல்லும். அணியம் கடற்றொழிலாளர் வாயில் வாழும் சொல் என்பதால், நம் கரையில் சிலருக்குப் பழைய சொல்லே கிட்டத்தில் இருந்து பேசும். அதற்கு முன்னரே, 1850இல் வெளிவந்த ஒரு தமிழாக்கத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் உழைத்திருக்கிறார். சைவரும் கைகொடுத்து வளர்ந்த தமிழ் விவிலியத்தை வைத்துக்கொண்டு கத்தோலிக்கரும் மெதடிஸ்டுகளும் வாக்குவாதப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் வாசிப்பை ஒரு மொழிபெயர்ப்பிலும் இரண்டாம் வாசிப்பை மற்றதிலும் வையுங்கள். எது சரி என்ற கேள்வியை மாஸ்டரின் ஞாயிறு வகுப்புக்கு ஒத்திவையுங்கள். அந்த அக்காவிடம் கேட்டுப் பார்க்கவும் ஒன்று உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தில் 1742இல் பிரிஸ்டல் நகரில் தொடங்கிய சிறு வகுப்புக் கூட்டங்களில், ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கூடித் தங்கள் ஆன்மாவின் நிலையை ஒருவருக்கொருவர் சொன்னார்கள். உங்கள் குழு கற்றுக்கொள்ள முயல்வது அவருடைய மரபில் முன்னமே இருக்கிறது.

குருவானவர் இல்லாமல் கூடலாமா என்றால், தயக்கமின்றிக் கூடலாம். இறைவெளிப்பாடு பற்றி 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, நம்பிக்கை கொண்டோர் அனைவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. வாசிப்போடு செபமும் சேர வேண்டும் என்று கூறி, நாம் செபிக்கும்போது இறைவனோடு பேசுகிறோம், வாசிக்கும்போது அவரைக் கேட்கிறோம் என்ற புனித அம்புரோசின் கருத்தையும் அங்கே எடுத்தாள்கிறது. அதே வேளையில், விளக்கிக்காட்ட ஒருவர் இல்லாமல் எப்படி விளங்கும் என்று கேட்ட எத்தியோப்பியரையும் திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். எனவே கொள்கை பற்றிய ஐயங்களைக் குழுவில் வாக்கெடுத்துத் தீர்க்காமல் ஒரு தாளில் எழுதி வைத்துப் பங்குத்தந்தையிடம் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அவரையும் அழையுங்கள். வரும் நாளில் அவரும் மற்றவர்களைப் போல ஒரு சொல்லை எடுத்து மும்முறை சொல்லிப் பகிர்வாராக இருந்தால் மிக நல்லது.

அடுத்த புதனுக்கு மாற்கு 10:46-52ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏழே வசனங்கள். வழியோரத்தில் இருந்து கத்தும் பர்த்திமேயுவைப் பலர் அதட்டிப் பேசாதிருக்கச் சொல்கிறார்கள். இயேசு நின்று அவரை அழைத்து, பார்வையற்றவருக்கு என்ன தேவை என்பது கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தும், தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்கிறார். இதை விளக்க வேண்டாம், வாசியுங்கள். 5 பேர்தான் வந்தாலும் 5 கதிரைகளோடு இன்னும் ஒன்றைப் போட்டு வையுங்கள். யாருக்காக என்று சொல்லாதீர்கள்.